அடிச் சத்தத்தை வெட்டும் பொத்தான்

ஜூன் 4

அண்ணன் அவர்களுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன் என்பதால் கோபம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது பத்திரமாக இருக்கிறது. மைக், ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறவர்கள் வேறு யாரையும் எனக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். என்னைக் கட்டிக்கொண்ட உங்கள் மாப்பிள்ளை வாரம் இரண்டு முறை உங்கள் ஊருக்குப் பஸ் ஓட்டிக்கொண்டு வருகிறார். கடிதத்தை அவர் கொண்டுவந்து கொடுப்பார், பதிலையும் வாங்கி வருவார். போனில் பேச நான் தயாராக இல்லை. உங்கள் எண்ணை அடைத்து வைத்தது அடைத்தபடியே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். மறுபடியும் எனக்கு மெட்டு வருகிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வரும். அந்தக் கல் சுற்றுகிற சத்தத்தில் எனக்கு ஒரு சுருதி கிடைக்கிறது. வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துபோகிறது. மீதியைப் போனில் பாடிப் பதிந்தால், சத்தமாகப் பாடும் இடம் மட்டும் இருக்கிறது, மெல்ல முனகும் இடமெல்லாம் காணோம். மெல்லிய குரலை வேண்டாத சத்தம் என்று நினைத்து போனே அழித்துவிடுகிறதாம், கடையில் ஒரு பெண் சொன்னாள். உங்களுக்கு இது புதிதாக இருக்காது. என் மூச்சை இரைச்சல் என்று சொல்லி, வேறொருத்தியைப் பாடவைத்து, அதை வானொலிக்கு அனுப்பினவர்தானே நீங்கள். என் பாட்டை இன்னொருத்தி குரலில் கேட்டபோது கையில் யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. அதை உடைத்துவிட்டேன்.

சரி, அதை விடுவோம். விலை குறைவாக, படிக்காதவளும் இயக்குகிற மாதிரி ஒரு கருவி சொல்லுங்கள். பாட்டை வெளியிட வேண்டாம். மறக்காமல் இருந்தால் போதும்.

தங்கை

*

ஜூன் 8

அன்புள்ள வாலு,

கடிதத்தை மாப்பிள்ளை நீட்டும்போது, "மச்சான், உள்ள வெடிகுண்டு இருக்கு, பாத்துப் பிரிங்க" என்றார். பிரித்துப் பார்த்தேன், "அண்ணன் அவர்களுக்கு". நீ என்னை "நீங்கள்" என்று எழுதியதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அந்தப் பாட்டு விஷயத்தில் என் பக்க நியாயம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது இப்போது எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. ஆகவே கருவிக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர், அதில் செருகும் பெட்டி, பெரிய மைக், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒயரைச் செருகி, திரையைத் திறந்து, பெயர் கொடுத்து முடிப்பதற்குள் மெட்டு ஓடிப்போயிருக்கும். காலரில் குத்தும் மைக்கும் வேண்டாம், புடவை உரசல்தான் பாட்டாகக் கேட்கும். உனக்கு வேண்டியது கையடக்கமான ரிக்கார்டர். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதியும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு மெமரி கார்டு. அதன் மைக் எறும்பு நடப்பதையும் எடுக்கும், மூச்சையும் எடுக்கும். போன் மாதிரி எதையும் தன் இஷ்டத்துக்கு அழிக்காது. ஒரு பத்திரிகை நிருபர் வேண்டாம் என்று கடையில் போட்டுவிட்டுப் போன ஒன்றைத் துடைத்து அனுப்பியிருக்கிறேன். அண்ணன் சீர் என்று வைத்துக்கொள்.

எங்கே பதிவது என்பதுதான் முக்கியம். வெறும் சுவர் உள்ள அறையில் பாடாதே, குரல் கிணற்றில் விழுந்த மாதிரி இருக்கும். உங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாமான் அறை உண்டே, மெத்தையும் பழைய துணியும் அடைத்து வைத்திருப்பாயே, அதற்குள் உட்கார். ஸ்டுடியோக்காரர்கள் லட்சக்கணக்கில் கொட்டிச் செய்வதை உன் மெத்தை சும்மாவே செய்யும். பாடினதைக் கார்டோடு அனுப்பு. கேட்டுவிட்டுக் குறை சொல்ல மாட்டேன்.

பொடிசு எப்படி இருக்கிறாள்? எட்டு வயது ஆகியிருக்குமே. என்னைத் தெரியுமா அவளுக்கு?

அண்ணன்

*

ஜூன் 17

அண்ணன் அவர்களுக்கு,

கருவி வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது. சாமான் அறையில் தூணை ஒட்டி ஒரு கான்கிரீட் தட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ரிக்கார்டரை வைத்துவிட்டு, தூணில் முதுகைச் சாய்த்து, மெத்தைமேல் உட்கார்ந்து பாடுகிறேன். கதவைச் சாத்திவிட்டால் உலகமே இல்லை. ஏழு மெட்டு சேர்ந்திருக்கிறது. கார்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

ஒரு குறை. நடுவில் "டக்" என்று ஒரு சத்தம் விழுகிறது. விரலால் மேசையில் சுண்டின மாதிரி. பாடும்போது என் காதுக்குத் தெரியவில்லை, இயர்போனில் கேட்டால்தான் தெரிகிறது. நாற்பது நிமிடத்தில் இரண்டு முறை. பாட்டின் நல்ல இடமாகப் பார்த்து விழுகிறது.

இதற்கு நடுவே மேல்வீட்டம்மா வேறு சண்டைக்கு வந்துவிட்டார். ஞாபகம் இருக்கும் உங்களுக்கு, முதல் மாடியில் தனியாக இருக்கிறாரே, எதிர்த்த வீட்டில் கொடியில் துணி காய்ந்தால்கூடக் கேள்வி கேட்பவர். "நீ பாட ஆரம்பிச்சதுல இருந்து என் வீட்டுச் சுவரு அதிருதும்மா. பாத்திரமெல்லாம் கிணுகிணுங்குது. குரலா இல்ல கொட்டா உனக்கு?" என்று கேட்டார். நான் முனகுகிறேன், அண்ணா, வாய்கூடத் திறப்பதில்லை. கட்டிடத்தின் சொந்தக்காரரான வீட்டுக்காரர் முன்பக்கத்து இரண்டு கடைகளையும் ஒன்றாக்க நடுச்சுவரை இடித்தார், அந்தத் தூசிக்கும் இடிக்கும் அவரிடம் போய்க் கேட்க இந்த அம்மாவுக்குத் தைரியம் இல்லை, இளைத்தவள் நான் அகப்பட்டேன். இடித்து முடித்தே ஒரு மாதம் ஆகிறது. கடை காலியாகக் கிடக்கிறது. மேலே இரண்டாம் மாடியும் வீட்டுக்காரருடைய பூட்டிய கிடங்குதான். ஆக இந்தக் கட்டிடத்தில் சண்டை போட ஆள் என்றால் நானும் அந்த அம்மாவும் மட்டும்.

அந்த டக்கை எடுக்க வழி சொல்லுங்கள்.

பொடிசுக்கு உங்களைத் தெரியும். "ரேடியோ மாமா" என்பாள்.

தங்கை

*

ஜூன் 21

அன்புள்ள வாலு,

மூன்றாவது மெட்டு எங்கிருந்து பிடித்தாய்? கடையில் பழுதுக்கு வந்த பெட்டிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு நான்கு முறை கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வேன்.

டக் கேட்டது. நூற்றுக்கு நூறு பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங். அது தளர்ந்தால் மின்சாரம் ஒரு கண்ணிமைப்பு அறுந்து சேரும், அப்போது இப்படித்தான் விழும். அந்த நிருபர் கீழே போட்டிருப்பார். கருவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பு, நான் பார்த்துவைக்கிறேன். அதுவரை இதை வைத்துக்கொள், அதே மாதிரிதான், கொஞ்சம் கறுப்பு.

இருபது வருடத்தில் நான் கற்றது இது ஒன்றுதான்: எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் கருவியைச் சந்தேகப்படு. ஒரே ஒரு முறை அதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டின இரும்புக் கம்பம், சாயங்காலம் முழுக்க கிர் கிர் என்று கத்திக்கொண்டே இருந்தது. நான் ஒயரைப் பார், மைக்கைப் பார் என்று ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, கம்பம் முழுசாகச் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, நாற்காலிகள் காலி. அன்றைக்கு மேடையில் பேசினவர், பேச்சு முடிந்ததற்குக் கிடைத்த கைதட்டல் என்று நினைத்துக் கும்பிட்டார்.

அந்தக் கதை உன் விஷயத்துக்குச் சம்பந்தமில்லை. சும்மா சிரிக்க.

அண்ணன்

*

ஜூலை 1

அண்ணா,

கறுப்புக் கருவியிலும் டக் வருகிறது. ஸ்பிரிங் இல்லை. புதுக் கார்டை அனுப்புகிறேன், நீயே கேள். (நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த நேரமில்லை, இருக்கட்டும்.)

இப்போது நாற்பது நிமிடத்தில் ஒன்பது முறை. முன்பு சுண்டின மாதிரி இருந்தது. இப்போது சிலது கொஞ்சம் கனமாக, அடியிலிருந்து வருகிறது. போன வியாழக்கிழமை ஒன்று விழுந்தபோது என் முதுகில் தெரிந்தது. காதில் இல்லை, முதுகில். தூணில் சாய்ந்திருந்தேன் என்று சொன்னேனே. பாட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் சமையலறையில் சும்மா நின்றேன்.

இன்னும் சில அற்பமான விஷயங்கள். சாமான் அறைக் கதவு பிடிக்கிறது, தோளால் இடித்தால்தான் சாத்துகிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்கிறார் இவர். மழையே இல்லை. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. பொடிசு தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால் பென்சில் எப்போதும் தூண் பக்கமாகவே உருண்டு போகிறது. அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது, கோலிக்குண்டு, பாட்டில் மூடி என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கிறாள்.

அண்ணா, இது கருவிதானா? உனக்குக் காது உண்டு. எனக்குப் பயம்தான் உண்டு. கேட்டுவிட்டுச் சொல்.

வாலு

*

ஜூலை 5

வாலு,

கடையில் தலைக்குமேல் வேலை. ஒரே நாளில் பதினோரு ஆம்ப்ளிஃபையர். கார்டின் முதல் பத்து நிமிடம் கேட்டேன், டக் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பிரிங் என்று நான் சொன்னது தப்பு. கருவியை நீ கான்கிரீட் தட்டில் நேராக வைக்கிறாய், அதுதான் கோளாறு. தட்டு தூணோடு சேர்ந்தது, தூண் கட்டிடத்தோடு சேர்ந்தது. யாரோ நடப்பது, தண்ணீர்க் குழாய் அதிர்வது, அந்த அம்மா பாத்திரம் கவிழ்ப்பது எல்லாம் தட்டு வழியாக மைக்குக்கு வந்துவிடும். மலிவான கருவிக்கு இந்த வியாதி உண்டு. பதறாதே. வீடு என்றால் ஆயிரம் சத்தம் இருக்கும். உனக்குக் கற்பனை அதிகம், அதனால்தான் மெட்டு வருகிறது.

இரண்டு வேலை செய். ஒன்று, தடிமனான டவலை நான்காக மடித்துத் தட்டில் போட்டு, அதன்மேல் கருவியை வை. இரண்டு, கருவியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதைக் கீழே தள்ளு. அது அடிச் சத்தத்தை வெட்டும் பொத்தான். உன் குரலுக்குக் கீழே இருக்கும் உறுமல், இடி எல்லாம் போய்விடும். பிறகு பாடிப் பார், பளிங்கு மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை பஸ்ஸை எடுக்கிறார், ஹாரன் அடிக்கிறார், இத்தோடு நிறுத்துகிறேன்.

அண்ணன்

*

ஜூலை 14

அண்ணா,

போய்விட்டது! டவல் போட்டு, பொத்தானைத் தள்ளி, ஒரு மணி நேரம் பதிந்தேன். ஒரு டக்கும் இல்லை. என் குரலும் மூச்சும் மட்டும். இப்படி என் குரலை நான் கேட்டதே இல்லை. வானொலிக்கு அனுப்பினாயே, அந்தப் பெண்ணைவிட எனக்கு என்ன குறைச்சல் என்று நேராகவே கேட்கிறேன். பதில் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்காதே.

அந்த மூன்றாவது மெட்டு முழுப் பாட்டாகிவிட்டது. கார்டில் முதலில் இருப்பது அதுதான். முடித்த அன்றைக்குக் கடையில் யாருக்கோ வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக்கொடுத்துவிட்டேன். அவர் தெருமுனைவரை போய்விட்டுத் தடவித் தடவித் திரும்பி வந்தார். திட்டு வாங்கியும் சிரிப்பு அடங்கவில்லை.

என் பயமெல்லாம் வெறும் பயம்தான் போலிருக்கிறது. தூணில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, மேலிருந்து கீழாகத் தலைமுடி மாதிரி. அதைப் பார்த்தால் எனக்கு மறுபடி எண்ணம் ஓடும் என்று இவர் அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டார். உன் மாப்பிள்ளையின் வைத்தியம் அவ்வளவுதான்.

பொடிசுக்கும் ரிக்கார்டர் பைத்தியம் பிடித்திருக்கிறது. நான் கடையில் இருக்கும்போது எடுத்துவைத்துக்கொண்டு ஏதோ செய்கிறாள். கார்டின் கடைசியில் அவள் பதிந்தது ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று என்னிடம், "வீடு இன்னும் பேசுதும்மா. நீதான் கேக்க மாட்டேங்கற" என்றாள். நீ கதை விடுவதில் பாதி அவளுக்கு வந்திருக்கிறது.

வாலு

*

ஜூலை 18

வாலு,

இதை முதலில் மாப்பிள்ளையிடம் வாயால்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "பத்து வருஷமா இருக்கற வீடு மச்சான்" என்றார். அதனால் எழுதுகிறேன். இந்தப் பத்தியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வை. பொடிசைக் கூட்டிக்கொண்டு வெளியே போ. மீதியைத் தெருவில் நின்று படி.

நேற்று உன் முதல் ரிக்கார்டரை மேசைமேல் பிரித்தேன். ஸ்பிரிங்கில் ஒன்றுமில்லை. எதிலும் ஒன்றுமில்லை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை ஓடவிட்டேன், ஒரு டக்கும் விழவில்லை. மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்தேன். உன் புதுக் கார்டைப் போட்டேன். உன் பாட்டைக் கேட்டேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது எழுதினால் அழுதுவிடுவேன்.

பாட்டுக்குப் பிறகு நாற்பது நிமிடத்துக்கு ஒரு பதிவு இருக்கிறது. பொடிசு. சத்தத்திலேயே தெரிகிறது, டவலை எடுத்துவிட்டிருக்கிறாள், பொத்தானையும் மேலே தள்ளியிருக்கிறாள், கருவியைத் தட்டில் நேராக வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு டக் விழுகிறது. "ஒண்ணு" என்கிறாள் மெல்ல. அப்புறம் எதுவும் இல்லை, அவள் மூச்சு மட்டும். மறுபடி ஒன்று. "ரெண்டு." மூன்று வருடம் கழித்து அந்தக் குழந்தையின் குரலை நான் இப்படியா கேட்க வேண்டும்? "இருபத்து மூணு" வரைக்கும் எண்ணினாள். இருபத்து மூன்றுக்குப் பிறகு பொலபொலவென்று ஏதோ உதிர்கிற சத்தம். "தூசி" என்கிறாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

பழைய கார்டுகளை எடுத்து முழுசாகக் கேட்டேன், இந்த முறை முழுசாக. இரண்டு, ஒன்பது, இருபத்து மூன்று. உன் கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். இடித்த சுவர், பிடிக்கிற கதவு, உருளும் பென்சில், முதுகில் தெரிந்தது, காலண்டருக்கு அடியில் கோடு. எல்லாவற்றையும் நீ எழுதியிருக்கிறாய். "இது கருவிதானா" என்று கேட்டும் இருக்கிறாய். நான்தான் டவல் போடச் சொன்னேன்.

அந்தச் சுவர் கடைகளைப் பிரித்த சுவர் மட்டுமல்ல, மேலே இருப்பதைத் தாங்கின சுவர். அதை எடுத்ததும் பாரமெல்லாம் நீ சாய்ந்து உட்காரும் தூணுக்கு வந்திருக்கிறது. அது உடைந்துகொண்டிருக்கிறது.

உன் மூச்சை இரைச்சல் என்று வெட்டியவன் நான். இப்போது இதையும் இரைச்சல் என்று வெட்டச் சொன்னேன். எனக்குக் காது இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. வெளியே போய்விட்டு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

சாமான்களை எடுக்க நிற்காதே. அந்த அம்மாவிடமும் சொல்.

அண்ணன்

*

ஜூலை 24, காலை

அண்ணா,

சனிக்கிழமையே வந்துவிட்டோம். உன் கடிதத்தைத் தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்று படித்தேன், பொடிசு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டாம் முறை படிப்பதற்குள் இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். உள்ளே போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். தலைமுடிக் கோட்டில் இப்போது விரல் நுழைகிறதாம். கேஸை மூடிவிட்டு, துணி மூட்டையும் என் ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது நான்கு தெரு தள்ளி நாத்தனார் வீட்டில் இருக்கிறோம்.

வீட்டுக்காரரிடம் போனோம். "பொம்பளைங்க பாட்டுப் பதியற மிஷின்ல சத்தம் கேட்டுச்சுன்னு நான் கட்டிடத்த இடிக்கணுமா? நீங்க காலி பண்ணிட்டுப் போங்க, நான் பூசிக்கறேன்" என்றார். நகராட்சி அலுவலகத்தில் மனு எழுதி வாங்கிக்கொண்டார்கள், பொறியாளர் அடுத்த வாரம் வருவாராம். மேல்வீட்டம்மாவிடம் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை கதவையே திறக்கவில்லை.

உன்மேல் எனக்கு இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் பழசாகிவிட்டது. நீ திருப்பி அனுப்பின கார்டில் பொடிசு எண்ணினதை நானும் கேட்டேன். அதற்குப் பிறகு அவளை மடியைவிட்டு இறக்கப் பிடிக்கவில்லை. கனக்கிறாள், கழுதை.

ஒரு வேடிக்கை. சற்றுமுன் கடைத்தெருவில் மேல்வீட்டம்மாவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சிரித்தார். "நீங்க போனதுல இருந்து வீடு கோவிலாட்டம் இருக்கு. நேத்திலிருந்து ஒரு டக்கு இல்ல, டொக்கு இல்ல. காலையில கீழ யாரோ பாடற மாதிரி இருந்துச்சு, அதுகூட உன்னவிடத் தேவலாம்" என்றார். என்ன வாய் பார் அந்த அம்மாவுக்கு. நான் போன பிறகும் என்னைக் குத்த ஒரு பாட்டைக் கற்பனை செய்கிறார்.

நேற்றிலிருந்து சத்தமே இல்லையாம்.

அண்ணா, இதை எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உன் இரும்புக் கம்பம் ஞாபகம் வந்தது. ஓடுகிறேன்.

*

அதே நாள், மதியம் மூன்று மணி இருக்கும்

காலையில் எழுதின தாளின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். பையோடு கையில் வந்துவிட்டது, ரிக்கார்டரும் அதே பையில்தான் இருந்தது. போன் செய்ய முடியாது. இங்கே யாரும் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மேல்வீட்டம்மா வர மாட்டேன் என்றார். கெஞ்சினேன், பிறகு கையைப் பிடித்து இழுத்தேன். "அடிப்பாவி, அடுப்புல பால் இருக்குடி" என்று கத்திக்கொண்டே படியிறங்கினார். தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய் நின்றோம். என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார், நான் வாங்கிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஆனது. எனக்கே வெட்கமாகிவிட்டது, போய்ப் பாலை இறக்கிவைத்துவிட்டு வரச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது விழுந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்கிற மாதிரி, மேல் இரண்டு மாடியும் எங்கள் வீட்டின்மேல் உட்கார்ந்தது. தூசி அடங்கும்வரை அந்த அம்மா என் கையை விடவில்லை.

எல்லோரும் வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்தேன், அண்ணா. கட்டிடத்தில் இருந்ததே நானும் அந்த அம்மாவும்தானே. அப்புறம் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "பெயிண்டர் எங்க? உள்ள பெயிண்டர் இருந்தானே" என்று தலையில் அடித்துக்கொண்டார். விரிசலைப் பூசி வெள்ளையடிக்க இன்று காலையில் ஒருவரைக் காலியான எங்கள் வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறார். வேலை செய்யும்போது பாடிக்கொண்டே செய்வாராம்.

கீழே யாரோ பாடுகிறார்கள் என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். நான் அதை உனக்கு வேடிக்கை என்று எழுதினேன். மாடிக்கு ஏறும்போது என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஏறினேன். கதவு பாதி திறந்திருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரு முறை குரல் கொடுத்திருக்கலாம். காலி வீடுதானே என்று போய்விட்டேன். உன்னைப் போலவே நானும் செய்துவிட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் எங்கே தோண்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். தப்பான இடத்தில் கை வைத்தால் மீதியும் சரியும் என்றார்கள். அவர்கள் கொண்டுவர வேண்டிய கேட்கும் கருவி வேறு ஊரிலிருந்து வர வேண்டுமாம். நான் பையைத் திறந்து ரிக்கார்டரைக் காட்டினேன். ஒருவர், "இது என்னம்மா, பாட்டுக் கேக்கறதா?" என்றார். எறும்பு நடப்பதையும் எடுக்கும், என் அண்ணன் கொடுத்தது என்றேன். பக்கவாட்டுப் பொத்தானை மேலே தள்ளினேன். டவல் இல்லாமல் உடைந்த கான்கிரீட்மேல் நேராக வைத்தேன். தெரு முழுக்க வாயை மூடச் சொன்னார்கள். முதல் இரண்டு இடத்தில் ஒன்றுமில்லை. மூன்றாவது, சாமான் அறை இருந்த பக்கம், தூணின் அடிக்கட்டை. அங்கே டக் இருக்கிறது.

முதலில் கட்டிடம்தான் என்று பயந்தேன். ஆனால் கட்டிடத்தின் டக்கை எனக்கு நன்றாகத் தெரியும், அதற்குக் கணக்கே கிடையாது. இது மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. தாளம் தெரிந்தவர். என் மெத்தைகள் அங்கேதான் கிடந்தன, அவற்றுக்கு நடுவில் இருக்கிறார் போலிருக்கிறது.

அங்கே தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். கை நிற்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இருக்கிறார் என்று நான் விரலைத் தூக்கிக் காட்டுகிறேன். கடைசி நான்கு முறை தட்டல்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி வருகின்றன. கடைசியாகக் கேட்டதில் இரண்டு தட்டுதான் இருந்தது.

பேட்டரி ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது. பென்சில் பேட்டரி வாங்க இவர் ஓடியிருக்கிறார். வந்ததும் இந்தத் தாளை அவரிடம் கொடுக்கிறேன், ஐந்து மணி பஸ்ஸை இவருடைய நண்பர் எடுக்கிறார். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, இயர்போன் என் காதில் இருக்கிறது. நீ கிளம்பி வா, அண்ணா. எனக்குத் தப்பாகக் கேட்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது, நீயும் ஒரு காதில் வைத்துக் கேள்.

வாலு